பெட்ரோல் போட வரும் பெரியப்பா

எங்கள் பெரியப்பாவுக்குத் தம்பி மேல் பாசம் பொங்குவது காரில் பெட்ரோல் தீரும்போதுதான் என்று அம்மா சொல்வாள். சொல்வதோடு நிற்க மாட்டாள், சாட்சியும் வைப்பாள். அந்தச் சாட்சி நான்தான். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், "ஏய், போயி முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வா" என்று அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டுவாள். நான் வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கும் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பேன். அது எப்போதும் அடியில், சிவப்புக் கோட்டின் மேல் படுத்துக் கிடக்கும். ஓடி வந்து, "காலிம்மா" என்பேன். "நான் சொல்லல?" என்று அம்மா காபியை ஆற்றுவாள்.

எங்கள் வீடு புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலில், வரிச்சிக்குடியில். பெரியப்பா வீடு பொறையாருக்கு அந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டில். நடுவில் ஒரு ஆற்றுப் பாலம், அவ்வளவுதான். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. அதனால் அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு போகும். வண்டி ஓட்டி வருகிறவர்களில் சிலரும் வேறு கடையில் நிரப்பிக்கொண்டு போவார்கள். பெரியப்பா அந்த வகை இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார், எங்களோடு சாப்பிடுவார், ஒரு குட்டித் தூக்கம் போடுவார், சாயங்காலம் காரைக்கால் ரோட்டில் அளவு சரியாக இருக்கும் என்று அவர் நம்பிய பங்க்குக்குப் போய்விட்டு ஊர் திரும்புவார். காரைக்காலில் சொந்தக்காரர்கள் இருப்பதில் இப்படி ஒரு வசதி உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

அவர் வெறுங்கையோடு வர மாட்டார். அதுதான் கொடுமை. டிக்கியைத் திறந்தால் உள்ளே விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடம், கைப்பிடி போன வாளி, தேய்ந்த டயர், காலி பெயிண்ட் டப்பா என்று ஏதாவது இருக்கும். "செடி வைக்க ஆகும்மா" என்று அம்மாவிடம் நீட்டுவார். மற்ற பெரியப்பாக்கள் பிஸ்கட், மிக்சர் வாங்கிக்கொண்டு வருவார்கள். என் சிநேகிதி வீட்டுப் பெரியப்பா ஒருமுறை சைக்கிளே வாங்கி வந்தார். எங்களுடையது ஓட்டை வாளி கொண்டு வரும் பெரியப்பா. எனக்கு அழுகையே வரும்.

ஆனால் அம்மாவிடம் ஓட்டை வாளி வந்தால் அது வீணாகாது என்பதும் உண்மைதான். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் கேட்டிலிருந்து கொல்லைவரை நீளமாக ஒரு இடம் இருந்தது. அங்கேதான் அம்மாவின் காய்கறித் தோட்டம். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டு வரும் அக்காவிடம், ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டி உடைந்தால் தூக்கிப் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெட்டிகளில் கீரையும் புதினாவும். பெயிண்ட் டப்பாவில் கத்தரி. டயருக்குள் மிளகாய். எண்ணெய் டின்னில் கொத்தவரை. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். பூனைகளும் அங்கேதான் வரும். எங்கள் வீட்டுக்கு வரும் வழியைக் கேட்பவர்களுக்குத் தெருவில், "மீன் வாடையோட கத்தரிக்கா காச்சிருக்கும், அந்த வீடு" என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. தான் செய்தால் சிக்கனம், பெரியப்பா செய்தால் கஞ்சத்தனம், இதுதான் அவள் அகராதி. எனக்கும் அந்த அகராதிதான்.

ஒருமுறை பெரியப்பா கொண்டு வந்த வாளியை அம்மா திருப்பிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. அடியில் மட்டும் நாலைந்து ஓட்டை, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தியது போல வட்டமாக. பக்கவாட்டில் விலை ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருந்தது. அம்மா அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டி, அடுப்பில் போட்டாள். பிறகு அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, "உங்க அண்ணன் இன்னிக்கும் குப்பைய இங்க கொட்டிட்டுத்தான் போறாரு" என்றாள். புது வாளியைப் போய் ஓட்டை போட்ட மனுசருக்கு மூளை இருக்கிறதா என்றுதான் நான் யோசித்தேன்.

அப்பாவும் பெரியப்பாவும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அப்பாவைப் படிக்க வைத்தது பெரியப்பாதான். ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா வாய் தவறி, "இவரு நாங்க படிக்க வச்ச புள்ள" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அப்பா அண்ணனிடம் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை. கொடுத்தால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தால், அதே விலையில் ஒரு வேட்டி எடுத்துப் பதிலுக்கு அனுப்பிவிடுவார். குப்பைக்குப் பதில் மரியாதை செய்ய முடியாது என்பதால் ஓட்டை வாளிகள் மட்டும் எங்கள் வீட்டுக்குள் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தன.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வண்டியிலிருந்து விழுந்தார். அவருக்கு வேளாண் துறையில் வேலை. மேசை வேலை இல்லை, வயல் வயலாகப் போக வேண்டும். மழைக்குப் பிறகு வழுக்கிய ஒரு வாய்க்கால் மதகில் மோட்டார் சைக்கிள் சாய்ந்து, இடுப்பில் ஏதோ ஒரு எலும்பு வட்டு நகர்ந்துவிட்டது. படுக்கையில் கிடந்து ஒருவழியாக எழுந்து நடந்தார். இனிமேல் இரண்டு சக்கர வண்டி கூடவே கூடாது, டவுன் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவதும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வயலுக்குப் போக முடியாத ஆளைக் காரைக்காலில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? புதுச்சேரிக்கு மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் ஊரில் அரசாங்க வேலைக்காரர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்த பூச்சாண்டி தேவையில்லை. மாஹே, ஏனாம் என்றால் போதும். ஒன்று கேரளாவுக்கு உள்ளே, இன்னொன்று ஆந்திராவுக்கு உள்ளே, இரண்டும் நம் அரசாங்கம்தான். எங்கே தூக்கிப் போட்டாலும் வாடகை வீடு, இரண்டு அடுப்பு. இடுப்பு வலிக்காரரைத் தனியாக அனுப்பவும் முடியாது, வரிச்சிக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பவும் முடியாது. அம்மா புலம்பவில்லை. ஆனால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். லீவு முடிவதற்குள் ஒரு கார் வேண்டும், அதுவும் அப்பா குனியாமல் ஏறி உட்கார்கிற உயரமான கார் வேண்டும். இதுதான் அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டுப் பிரச்சினை.

பழைய கார் தேடும் படலம் தொடங்கியது. முதலில் வந்தது ஒரு மீன் வியாபாரியின் கார். விலையைக் கேட்டதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மீன் வாடைதானே, நம் வீட்டில் இல்லாததா என்றாள். கால் மிதிக்கிற ரப்பர் விரிப்பை அப்பா குச்சியால் தூக்கிப் பார்த்தார். கீழே ரோடு தெரிந்தது. வருசக்கணக்காக ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரை இரும்பைத் தின்று முடித்திருந்தது. "செடி வைக்க ஆகும்" என்று அப்பா சொன்னார். விழுந்த பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது கீழவாஞ்சூரில் லாரி ஓட்டிய ஒருவருடையது. நிலக்கரி வந்து இறங்கும் துறைமுகத்தின் வாசலிலேயே நின்ற வண்டி. வெளியே கழுவித் துடைத்து மணமகன் மாதிரி நின்றது. உள்ளே உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டதும் நிலக்கரித் தூள் புஸ்ஸென்று கிளம்பி எங்கள் மூன்று பேர் முகத்திலும் அப்பியது. ஓட்டிக் காட்டியவர் மட்டும் பழக்கத்தால் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டார். நல்ல கார்களும் இருந்தன. அவற்றின் விலையைக் கேட்டதும் அப்பாவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போதும், கெளம்புவோம்" என்பார். லோன் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். வீட்டு லோனே முடியவில்லை.

அப்பாவின் லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவுக்குத் திடீரென்று செடிகள் மேல் கவலை வந்தது. "இங்க வெயிலே பத்தல, எல்லாத்தையும் மாடிக்கு ஏத்தணும்" என்றாள். அந்தக் கத்தரிச் செடிகள் அதே இடத்தில்தான் கொத்துக் கொத்தாகக் காய்த்துக்கொண்டிருந்தன. சொன்னால் கேட்கிற ஆளா? நானும் அவளும் டயர், டப்பா, டின், மீன் பெட்டி ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்குத் தூக்கினோம். என் பாவாடையெல்லாம் சேறு. எல்லாம் ஏற்றி முடித்ததும் அம்மா கேட்டிலிருந்து கொல்லைவரை கொடிக்கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்து பார்த்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "துணி காயப் போட" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் வாயில் பெரியப்பா அரைபட்டார். காய் நறுக்கும்போதும், எனக்குத் தலை பின்னும்போதும் அதே பேச்சு. "உங்க பெரியப்பா தெருவுல ஏதோ சாக்கடை தோண்டுறாங்களாம். பாத்துக்கிட்டே இரு, வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்தப் போறாரு. அங்க ஷெட்டு வாடகை யாரு குடுக்குறது? நம்ம வீடு என்ன கார் ஷெட்டா? நாம என்ன வாட்ச்மேனா?" பின்னலை இழுக்கிற இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள்ளேயே, பெரியப்பாவைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பெரியப்பா வந்தார். அம்மாவின் வாக்கு அப்படியே பலித்தது. சாப்பாட்டில் ரசம் வரும்வரை மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் பேசினார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, ஒரு ஒத்தாச" என்று ஆரம்பித்தார். "எங்க தெருவ தோண்டிப் போட்டுட்டானுங்க. வண்டிய உள்ள விடவே முடியல. ரோட்டுல நிறுத்துனா நாயி ஏறிப் படுக்குது, பயலுவோ கீறிடுறானுவோ. உன் வீட்டுச் சந்துல கொஞ்ச நாள் நிக்கட்டுமா?"

அப்பா முகத்தில் அந்தத் திருப்பிக் கொடுக்கிற சிரிப்பு வர ஆரம்பித்தது. "இல்லண்ணே, அதெல்லாம் சரிப்பட்டு வராது. என் இடுப்பு நெலம வேற இப்புடி..." என்று இழுத்தார். அண்ணன் எதைக் கொடுக்க வந்திருக்கிறார் என்று அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு நான் பார்த்தது, என் அப்பா ஏமாறாமல் தப்பிக்கப் பார்க்கிறார் என்பது மட்டும்தான். அவருக்கு ஒரு கை கொடுக்கலாமே என்று, நான் சாப்பிட்ட கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அங்க ஷெட்டு வாடகை குடுக்க முடியாம இங்க வர்றீங்களா பெரியப்பா? நம்ம வீடு என்ன கார் ஷெட்டா? எங்கப்பா என்ன வாட்ச்மேனா?"

பெரியப்பா கையில் இருந்த அப்பளத்தை மெதுவாக இலையில் வைத்தார். பெரியவர்களிடம் இப்படிப் பேசினால் என் தொடையில் அம்மாவின் கிள்ளு விழும். அன்று விழவில்லை. அவள் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாதான் கத்தினார். வாழ்க்கையில் அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு முறை. "வாய மூடு! யார்கிட்ட பேசுற? எங்கண்ணன் வண்டி எங்க வீட்டுல நிக்காம வேற எங்க நிக்கும்?" என்றவர், இடுப்பு வலியோடு பெரியப்பா பக்கம் திரும்பி, "நீங்க நிறுத்துங்கண்ணே. எத்தன நாளு வேணாலும் நிக்கட்டும். சின்னப் புள்ள, ஏதோ தெரியாம பேசுது" என்றார்.

"அது ஒண்ணும் தப்பா கேக்கலயே" என்றார் பெரியப்பா. அவர் குரல் கரகரத்தது. ரசம் காரம் போல என்று நினைத்தேன். பிறகு அவசரமாக நிபந்தனைகளை அடுக்கினார். வண்டி சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும், எலி ஒயரைக் கடித்துவிடும், அதனால் தினமும் ஓட்ட வேண்டும். சும்மா தெருவுக்குள் ஓட்டினால் போதாது, நெடுங்காடு, திருநள்ளாறு என்று தூரமாக ஓட்டினால்தான் என்ஜினுக்கு நல்லது. "பெட்ரோல் மட்டும் நீதான் போட்டுக்கணும். நான் தர மாட்டேன், இப்பயே சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டினார். அப்பாவின் முகம் அதைக் கேட்டதும்தான் தெளிந்தது. "அது நான் போட்டுக்கிறேண்ணே" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "இது வேறயா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

எங்கள் சந்துக்குள் கார் அளந்து வைத்தது போல நுழைந்து நின்றது. துணி அங்கே ஒரு நாளும் காயவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பெரியப்பா பஸ்ஸுக்குக் கிளம்பினார். சொந்தக் கார் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார். கஞ்சத்தனம் ஒரு மனுசரை என்ன பாடு படுத்துகிறது என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அப்பா ஆபீசுக்குக் கிளம்பினார். பேட்டரிக்காகத்தான். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அப்பா குனியாமல் ஏறி உட்கார்ந்தார், அது உயரமான டப்பா கார். ஓட்டுகிறவர் சீட்டில் முதுகுக்கு அணைவாக ஒரு இலவம்பஞ்சு மெத்தை புதிதாகத் தைத்துப் போட்டிருந்தது. பெரியம்மாவின் பழைய புடவை அது, எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. மெத்தைக்குக்கூடப் புதுத் துணி வாங்க மாட்டார்கள் என்று உதட்டைப் பிதுக்கினேன். பெரியப்பாவுக்கு முதுகுவலி கிடையாதே என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா அந்த மெத்தையை ஒருமுறை தடவிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

சாவியைத் திருப்பினார். நான் வழக்கம்போல் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டில் படுத்திருந்த முள் எழுந்தது. எழுந்து, பாதியைத் தாண்டி, மேலே போய், கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சாவியை எடுத்துவிட்டால் அந்தக் காரில் முள் கீழே படுத்துவிடும், அவர் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டேங்கில் எவ்வளவு இருந்தது என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது என்பதெல்லாம் கார் இல்லாத எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அப்பா, முள்ளு ரிப்பேருப்பா. ஃபுல்லுன்னு காட்டுது" என்றேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஆற்றைத் தாண்டி வருகிற மனுசர், டேங்க் நிறையப் பெட்ரோலை விட்டுவிட்டா போவார்?

அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வீணாகிறதே என்று அம்மா வாசலிலிருந்து சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. "ஆமாம்மா, ரிப்பேர்தான்" என்றார் அப்பா. முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். புதுச்சேரிப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை. பெரியப்பா தெருவில் தோண்டிய சாக்கடை, நான் பிளஸ் டூ முடிக்கும்வரை மூடப்படவில்லை. நடுவில் ஒரு பொங்கலுக்கு அங்கே போனபோது தெரு வழவழவென்று இருந்தது. நாங்கள் வருகிறோம் என்று தற்காலிகமாக மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பெரியப்பா பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு ஓட்டை வாளி. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபம் ஆறியிருந்தது, ஒரு நல்லது செய்வோமே என்று கூடவே நடந்தேன்.

"பெரியப்பா, உங்க கார்ல பெட்ரோல் முள்ளு ரிப்பேரு. மொத நாளே ஃபுல்லுன்னு காட்டுச்சு."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "அப்படியா பாப்பா? கெடக்கட்டும் வுடு. ரிப்பேர் பாத்தா செலவு இழுக்கும்" என்றார்.

இந்த ஆளைத் திருத்தவே முடியாது என்று நினைத்துக்கொண்டு, நான் வாளியை வாங்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.